பழைய எஃகு ரேஸ் சைக்கிளை அன்றாட வண்டியாக மாற்றுதல்: ஓர் அறிமுகம்

ஐரோப்பிய, வட அமெரிக்க நகரங்களின் பழைய பொருள் சந்தைகளில் ஒரு வகைச் சைக்கிள் இன்றும் அடிக்கடி கண்ணில் படும். ஒல்லியான எஃகுக் குழாய்கள், கிடாக்கொம்பைப் போலக் கீழ்நோக்கிச் சுருண்ட ஹேண்டில்பார், ஃபிரேமின் சாய்வுக் குழாயில் பொருத்திய இரண்டு சிறிய கியர் நெம்புகோல்கள், பின்சக்கரத்தில் ஐந்து அடுக்குப் பல்சக்கரங்கள் ஆகியவை அதன் அடையாளங்கள். டயர் வெடித்திருக்கும், செயின் துருவேறியிருக்கும், சீட்டின் தோல் உரிந்திருக்கும். ஆனால் ஃபிரேம் பெரும்பாலும் கோணாமல் நேராகவே நிற்கும். இத்தகைய வண்டியைக் குறைந்த விலைக்கு வாங்கி, தினமும் வேலைக்கும் கடைத்தெருவுக்கும் ஓட்டிச் செல்லும் அழகான வண்டியாக மாற்றிக்கொள்வது சைக்கிள் ஆர்வலர்களிடையே நன்றாக வேரூன்றிய வழக்கம். அந்த மாற்றத்தில் எதைத் தொட வேண்டும், எதைத் தொடக்கூடாது, எந்த அளவுகளை எடுத்த பிறகு பணத்தை வெளியே எடுக்க வேண்டும் என்பதைச் சைக்கிள் பழுதுபார்த்துப் பழகாதவருக்கும் புரியும்படி இங்கே சொல்ல முயல்கிறேன்.

இந்த வண்டிகள் இவ்வளவு மிகுதியாகக் கிடைப்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பெரியவர்களிடையே சைக்கிள் மோகம் திடீரென்று பெருகி, 1972, 1973 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சைக்கிள்கள் விற்றன. உள்நாட்டுத் தொழிற்சாலைகளால் அந்தத் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமல் போகவே, பிரான்சின் பெஜோ, இங்கிலாந்தின் ராலே, ஜப்பானின் ஃபூஜி, மியாட்டா போன்ற பெயர்களைத் தாங்கிய வண்டிகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. முன்னால் இரண்டு, பின்னால் ஐந்து என மொத்தம் பத்து கியர்கள் இருந்ததால் அவற்றைப் பொதுவாகப் 'பத்து ஸ்பீட்' என்றே அழைத்தார்கள். அவற்றுள் எண்ணிக்கையில் பரவலாக இருந்தவற்றுள் ஒன்று பெஜோவின் யூஓ-8 என்ற நடுத்தர விலை வண்டி. இக்கட்டுரையில் எடுத்துக்காட்டுக்கு அதையே அடிக்கடி எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் மாற்றம் செய்வதற்கு ஏற்ற நல்ல குணங்களும் தொடக்கநிலையாளரைத் திணறடிக்கும் சிக்கல்களும் ஒரே வண்டியில் சேர்ந்திருப்பதற்கு அது நல்ல சான்று.

அன்றாட வண்டி என்றால் என்ன என்று தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலையிலிருந்து வந்த ஹெர்குலிஸ் வண்டியை மனத்தில் நிறுத்திக்கொண்டால் போதும். நிமிர்ந்து உட்காரலாம்; சேறு மேலே தெறிக்காமல் மட்கார்டு காக்கும்; வேட்டியும் பேன்ட்டும் செயினில் மாட்டாமல் கவர் மறைக்கும்; அரிசி மூட்டையை ஏற்றக் கேரியர் இருக்கும்; இரவில் டைனமோ விளக்கு எரியும். ரேஸ் சைக்கிளில் இவை எதுவும் கிடையாது. எடையைக் குறைப்பதற்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டு, காற்றைக் கிழித்துக்கொண்டு போக ஓட்டுபவரைக் குனிய வைத்து அதை உருவாக்கினார்கள். ஆகவே மாற்றம் என்பது, ரேஸ் வண்டியின் லேசான, துடிப்பான ஃபிரேமை அப்படியே வைத்துக்கொண்டு, நம் தாத்தா ஓட்டிய வண்டியில் இருந்த வசதிகளில் நமக்குத் தேவையானவற்றை மட்டும் அதற்குக் கொடுப்பதாகும். இந்த இரண்டு வகை வண்டிகளுக்கும் நாம் நினைப்பதைவிட நெருங்கிய உறவும் இருக்கிறது. அம்பத்தூர் தொழிற்சாலைக்குக் கூட்டாளியாக இருந்த இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனம், ரேஸ் ஃபிரேம்களுக்குப் புகழ்பெற்ற ரெனால்ட்ஸ் குழாய்த் தொழிற்சாலையை 1928இலேயே தன்னுடன் இணைத்துக்கொண்டது. 1960இல் ராலேயும் அதன் குடைக்குள் வந்து சேர்ந்தது.

ஃபிரேமைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் மாற்றிவிடலாம், அதை மட்டும் மாற்ற முடியாது. எஃகு வளைந்தால் பெரும்பாலும் நிமிர்த்தலாம், விரிசல் விட்டால் தேர்ந்த கைவினைஞர் பற்றவைத்துச் சரிசெய்யலாம், அரை நூற்றாண்டு கழிந்தும் வலிமை குன்றாமல் இருக்கும். நல்ல ஃபிரேம்களில் குழாயின் தடிமன் முழுநீளத்துக்கும் ஒரே அளவாக இருப்பதில்லை. இணைப்புகளில் அழுத்தமும் பற்றவைப்பின் சூடும் தாக்கும் முனைப்பகுதி தடிமனாகவும், நடுப்பகுதி மெலிதாகவும் இருக்கும். இத்தாலியின் கொலம்பஸ் எஸ்எல் குழாய்களில் முனை 0.9 மி.மீ., நடு 0.6 மி.மீ. ரெனால்ட்ஸ் 1935இல் அறிமுகப்படுத்திய 531 என்ற எஃகுக் கலவையின் பெயரைச் சீட் குழாயில் ஒட்டிய சிறு சீட்டில் பார்த்தால், அந்த ஃபிரேம் கவனமாகச் செய்யப்பட்டது என்று நம்பலாம். யூஓ-8இல் அப்படிப்பட்ட குழாய் இல்லை, சாதாரண எஃகுதான். அது ஒரு குறையன்று என்பதே என் கருத்து. மேடுபள்ளத்தில் கேரியருடன் தினமும் ஓடப்போகும் வண்டிக்கு அரைக் கிலோ கூடுதல் எடை பெரிய பொருட்டில்லை. அபூர்வமான போட்டி வண்டி ஒன்று கைக்குக் கிடைத்தால், அதை மாற்றாமல் பழைய நிலைக்கே புதுப்பிப்பதுதான் முறை.

வாங்குவதற்கு முன் பகல் வெளிச்சத்தில் நின்று ஃபிரேமைச் சோதிக்க வேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் நுழைந்திருக்கும் முன் குழாயிலிருந்து ஒரு விரல் நீளம் பின்னால், மேல் குழாயின் அடிப்பக்கத்தையும் சாய்வுக் குழாயின் அடிப்பக்கத்தையும் விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். வண்டி எப்போதாவது சுவரிலோ காரிலோ நேருக்கு நேர் மோதியிருந்தால், அந்த இடத்தில் தோல் சுருங்கியதைப் போன்ற மெல்லிய புடைப்பு விரலுக்குத் தட்டுப்படும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரல் ஏமாறாது. பெயின்ட் அங்கே குறுக்காக வெடித்திருந்தால் சந்தேகம் உறுதியாகிவிடும், அந்த வண்டியை விட்டுவிடலாம். பிறகு பக்கவாட்டில் நின்று, ஃபோர்க்கின் மேல்பகுதி முன் குழாயின் நேர்க்கோட்டிலேயே இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பின்னோக்கித் தள்ளப்பட்டிருந்தால் அதுவும் மோதலின் தடயமே. மேலோட்டமான துரு அஞ்சத் தக்கதன்று. சீட் கம்பியை உருவிவிட்டுக் குழாயின் உள்ளே விளக்கடித்துப் பார்த்தால் தெரியும் செதில் செதிலான துருதான் ஆபத்தானது.

சீட் கம்பி உருவி வருகிறதா என்பதே ஒரு தனிச் சோதனை. எஃகுக் குழாய்க்குள் அலுமினியக் கம்பி பல ஆண்டுகள் கிரீஸ் இல்லாமல் இருந்தால், ஈரத்தின் உதவியால் இரண்டு உலோகங்களும் வினைபுரிந்து அலுமினியம் பூத்துப் பருத்து இறுகிவிடும். ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்முக்கும் இதே நிலை வரலாம். ஸ்டெம்மின் உச்சியில் உள்ள போல்ட்டை நான்கு சுற்று தளர்த்தி, அதன் தலையில் மரச்சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே இருக்கும் ஆப்பு விடுபட வேண்டும். இரண்டும் அசையாத வண்டியை முதல் முயற்சிக்கு எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். ஊடுருவும் எண்ணெய் விட்டு நாள்கணக்கில் காத்திருக்கும் பொறுமை தேவைப்படும், அப்போதும் வராமல் போகலாம். மேல் குழாய்க்கு இருபுறமும் காலை ஊன்றி நின்றால் குழாய்க்கும் கவட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளியாவது இருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிட வேண்டும். அளவு பொருந்தாத ஃபிரேம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

எண்களைப் படித்தல்

பழைய சைக்கிளில் பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் அளவுகள். நம் ஊரில் சைக்கிள் கடையில் ஒரு சாமானைக் கேட்டால் எல்லா வண்டிக்கும் பொருந்துவது கிடைத்துவிடும். ஆனால் 1970களில் பிரான்சுக்கு ஓர் அளவு, இங்கிலாந்துக்கு ஓர் அளவு, இத்தாலிக்கு ஓர் அளவு என்று தனித்தனியே வழங்கி வந்தன. பெடல் சுழலும் ஆக்சிலைத் தாங்கும் கப், ஃபிரேமின் அடியில் உள்ள கூட்டில் மரையால் திருகி நிற்கிறது. ஆங்கில மரை 1.37 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 புரிகளும் கொண்டது, செயின் பக்கக் கப் இடமரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருப்பினால் இறுகுவது. பிரெஞ்சு மரை 35 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. புரியும் கொண்டது, இருபுறமும் வலமரை. இத்தாலிய மரை 36 மி.மீ. விட்டம், அதுவும் இருபுறம் வலமரை. இது தெரியாமல் செயின் பக்கக் கப்பைத் தவறான திசையில் முழுப் பலத்துடன் திருகினால் அது மேலும் இறுகும், ஸ்பேனர் வழுக்கிக் கப்பும் கையும் புண்ணாகும். பிரெஞ்சு வண்டியில் ஸ்டெம்மின் விட்டமும் 22.0 மி.மீ., மற்ற நாடுகளில் 22.2 மி.மீ. அந்த 0.2 மி.மீ. வேறுபாடு புதிய ஸ்டெம்மை உள்ளே நுழையவிடாது. பெடல் மரையும் வேறுதான். யூஓ-8இன் சிக்கல் என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

இதற்கு அஞ்சிப் பிரெஞ்சு வண்டியையே தவிர்ப்பவர்கள் உண்டு. நான் வேறு வழியைப் பரிந்துரைக்கிறேன்: கப்பும் ஆக்சிலும் தேயாமல் இருந்தால் அவற்றைக் கழற்றிக் கழுவி, புதிய பால்ரஸ் குண்டுகளும் கிரீஸும் வைத்து மீண்டும் அவற்றையே பூட்டிவிடுங்கள். பழையதைக் காப்பாற்றும்வரை அளவுப் பிரச்சினை எழவே எழாது. பெடலைத் தாங்கும் கையான கிராங்கைப் பிடித்திருக்கும் கோட்டர் பின்னைக் கழற்றும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. நட்டைக் கழற்றிவிட்டுச் சுத்தியால் அடித்தால் பின்னின் மரை நசுங்குவதோடு, அடியின் அதிர்ச்சி கப்பில் உள்ள குண்டுகளின் தடத்தையும் குழிப்படுத்தும். அழுத்தித் தள்ளும் கருவி கிடைக்காவிட்டால், கிராங்கின் அடியில் ஓர் உறுதியான இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக்கொடுத்து, அடியின் வேகம் தரைக்குப் போகும்படி செய்ய வேண்டும். புதிய பின் வாங்கும்போது, ஆங்கில வண்டிக்குப் பொதுவாக 9.5 மி.மீ., பிரெஞ்சு வண்டிக்கு 9 மி.மீ. என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

சக்கரமும் பிரேக்கும்

ஒரே ஒரு பாகத்தை மட்டும் மாற்றப் பணம் இருக்கிறது என்று யாராவது கேட்டால், சக்கரத்தை மாற்றுங்கள் என்றே சொல்வேன். யூஓ-8 போன்ற வண்டிகளின் ரிம்கள் குரோமியம் பூசிய எஃகு. வெயிலில் பளபளக்கும் அந்தக் குரோமியம், மழையில் நனைந்துவிட்டால் பிரேக் கட்டைக்குப் பிடிமானமே கொடுக்காது. பிடியை முழுதும் அழுத்தியும் வண்டி சறுக்கிக்கொண்டே போகும். போக்குவரத்து நெரிசலில் தினமும் ஓட்டப்போகும் வண்டிக்கு இது ஏற்க முடியாத குறை. அலுமினிய ரிம் ஈரத்திலும் ஓரளவு நன்றாகப் பிடிக்கும், எடையும் குறைவு. பழைய ஃபிரேமுக்கு அலுமினிய ரிம் போட்டு முதல்முறை ஈரமான சாலையில் பிரேக் பிடித்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை எந்தப் பளபளப்பும் கொடுத்ததில்லை.

சக்கரத்தை மாற்றும்போது இரண்டு எண்கள் முக்கியம். அமெரிக்காவுக்கு வந்த பத்து ஸ்பீட் வண்டிகள் பெரும்பாலும் '27 அங்குலம்' என்ற சக்கர அளவைக் கொண்டவை. டயர் உட்காரும் இடத்தில் அதன் விட்டம் 630 மி.மீ. இன்றைய சாலைச் சைக்கிள்களின் '700சி' சக்கரத்துக்கு அதே இடத்தில் 622 மி.மீ. டயரின் பக்கச் சுவரில் '32-630' அல்லது '32-622' என்பதுபோல் இந்த எண் அச்சிடப்பட்டிருக்கும். பெயரை நம்பாமல் அந்த எண்ணை நம்புங்கள், ஏனென்றால் 630க்கான டயரை 622 ரிம்மில் மாட்டினால் அது தளர்ந்து ரிம்மைவிட்டு வெளியே வந்துவிடும். 700சி அளவில் நல்ல டயர்கள் பலவிதமாகக் கிடைப்பதால் அதற்கு மாறுவதே நல்லது. விட்டம் 8 மி.மீ. குறையும், அதாவது ரிம்மின் விளிம்பு 4 மி.மீ. கீழே இறங்கும், பிரேக் கட்டைகளும் அதே அளவு கீழே இறங்க வேண்டும். யூஓ-8இல் இருந்த மஃபாக் நிறுவனப் பிரேக்குகளின் கைகள் நீளமானவை, கட்டையை நகர்த்த இடமும் நிறைய இருப்பதால் இந்த 4 மி.மீ. அங்கே எளிதாகக் கிடைத்துவிடும். குட்டையான கைகள் கொண்ட பிரேக் என்றால் நீளமான கைகள் கொண்டதை வாங்க வேண்டியிருக்கும். இன்னொரு பயனும் உண்டு: சக்கரம் சிறியதானதால் ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவே 4 மி.மீ. கூடுதலாகக் கிடைக்கிறது, 32 மி.மீ. அகல டயரும் அதற்கு மேல் மட்கார்டும் போட அதுவே பல ஃபிரேம்களில் வழிவிடுகிறது. அகல டயரில் காற்றைக் கல்லைப்போல் அடிக்கக்கூடாது. நடுத்தர எடையுள்ளவருக்கு 32 மி.மீ. டயரில் 60 பி.எஸ்.ஐ. அளவில் தொடங்கி, பிறகு தம் உடலுக்கும் சாலைக்கும் ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது எண், பின்சக்கர ஆக்சில் உட்காரும் இரண்டு பிளவுகளுக்கு இடையே உள்ள அகலம். ஐந்து பல்சக்கர வண்டிகளில் அது 120 மி.மீ., பின்னர் வந்த ஆறு, ஏழு பல்சக்கர வண்டிகளில் 126, அதற்கும் பின்னர் வந்த, ரிம்மைப் பிடிக்கும் பிரேக் கொண்ட சாலைச் சக்கரங்களில் 130. எஃகுக்கு இங்கே ஓர் அரிய குணம் உண்டு. பின்பக்கக் குழாய்களைச் சூடாக்காமலேயே மெல்ல விரித்து நிலைநிறுத்திவிட முடியும்; அலுமினிய ஃபிரேமிலோ கார்பன் ஃபிரேமிலோ இதை முயலவே கூடாது. விரித்த பிறகு இரண்டு பக்கமும் சமமாக நகர்ந்ததா என்று அறிய ஒரு நூல் போதும். பின்பக்கப் பிளவு ஒன்றில் நூலைக் கட்டி, முன்னால் கொண்டுபோய் முன் குழாயைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கப் பிளவுக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். நூல் சீட் குழாயைக் கடக்கும் இடத்தில், இடப்பக்கம் நூலுக்கும் குழாய்க்கும் உள்ள இடைவெளியை அளந்துகொண்டு, வலப்பக்கமும் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் சக்கரம் ஃபிரேமின் நடுக்கோட்டில் ஓடும். இல்லாவிட்டால் இடைவெளி குறைந்த பக்கத்தை இன்னும் சிறிது வெளியே இழுக்க வேண்டும். பட்டத்து நூலும் இரும்பு ஸ்கேலும் கொண்டு ஒரு மி.மீ. துல்லியத்துக்கு ஒரு ஃபிரேமைச் சரிபார்க்க முடிகிறது என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் விஷயம்.

பிரேக்கில் பழைய கைகளை வைத்துக்கொண்டு கட்டைகளையும் கேபிளையும் மட்டும் புதிதாக மாற்றுவதே பெரும்பாலும் போதும். பழைய ரப்பர் கண்ணாடியைப்போல் இறுகியிருக்கும். ஹேண்டில்பாரின் மேல்பகுதியில் இரண்டாவதாக ஒரு நீட்டிப்புப் பிடி இருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள், அது வளைந்து கொடுக்குமே தவிர அழுத்தத்தை முழுதாகக் கடத்தாது.

உட்காரும் நிலை

ஹேண்டில்பாரை மாற்றியவுடன் வண்டியின் முகமே மாறிவிடும். பின்னோக்கி வளைந்து கைப்பிடிகள் உடலை நோக்கி வரும் 'நார்த் ரோடு' வகை நம் ஊர் வண்டியின் ஹேண்டில்பாருக்கு நெருங்கிய உறவு. நிமிர்ந்து உட்கார்ந்து தலையை உயர்த்திப் போக்குவரத்தைப் பார்க்கலாம். அதைவிடத் தாழ்ந்து, சற்றே முன்னால் நீண்டு பின் திரும்பும் 'போர்ட்டர்' வகைக்குப் பாரிஸ் நகரின் நாளிதழ் சுமப்பவர்களிடமிருந்து பெயர் வந்தது. அச்சகத்திலிருந்து கடைகளுக்கு நாளிதழ்க் கட்டுகளை முன்புறக் கேரியரில் ஏற்றிக்கொண்டு விரைந்தவர்கள் அவர்கள்; சுமையோடு வேகமும் தேவைப்பட்டதால் பாதி நிமிர்ந்த நிலை அவர்களுக்கு உகந்ததாக இருந்தது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போகிறவருக்கு இந்த இரண்டாவது வகையையே நான் சொல்வேன். முற்றிலும் நிமிர்ந்தால் எதிர்க்காற்றில் களைப்பு மிகும், இடுப்பு முழுச்சுமையையும் தாங்கும்.

இங்கே நான் செய்த தவறு ஒன்றைப் பதிவு செய்வது மற்றவர்களுக்கு உதவும். முதன்முதலில் அழகான ஹேண்டில்பார் ஒன்றை வாங்கி, பழைய வண்டியின் பிரேக் பிடிகளை அதில் பூட்டப் போனபோது, பட்டையை எவ்வளவு முறுக்கியும் அவை வழுக்கிக்கொண்டே சுழன்றன. சுருண்ட ரேஸ் ஹேண்டில்பாரின் குழாய் விட்டம் 23.8 மி.மீ., நிமிர்ந்த வகைக்கு 22.2 மி.மீ. என்பதும், ஒன்றுக்கான பிடி மற்றொன்றில் சரியாக உட்காராது என்பதும் அன்றுதான் தெரிந்தது. இதைவிட முக்கியமான மற்றோர் எச்சரிக்கை உண்டு. நிமிர்ந்த ஹேண்டில்பாருக்கான பிடிகளிலும் இரண்டு வகைகள் உள்ளன, ஒன்று கேபிளைக் குறைவாக இழுக்கும், மற்றொன்று 'வி-பிரேக்' என்ற வகைக்காக அதிகமாக இழுக்கும். பழைய சாலைப் பிரேக்குகளுக்கு முதல் வகையே பொருந்தும். இரண்டாவதைப் போட்டால் பிடி கல்போல் இறுக்கமாக இருக்கும், ஆனால் வண்டி நிற்காது.

ஸ்டெம்மை உயர்த்தும்போது அதன் மேல் பொறித்துள்ள குறைந்தபட்ச ஆழக் கோடு வெளியே தெரியக்கூடாது. உடல் நிமிர்ந்தவுடன் கைகளில் இருந்த எடை சீட்டுக்கு இறங்கும். அதனால் ரேஸ் வண்டியின் ஒடுங்கிய சீட்டும் மாற வேண்டியிருக்கும். இங்கிலாந்தின் புரூக்ஸ் நிறுவனத்தின் தோல் சீட்டுகளில் பாதி குனிந்த நிலைக்கு பி17, நிமிர்ந்த நிலைக்கு அகலமும் ஸ்பிரிங்கும் கொண்ட பி67 என்று பலரும் தேர்ந்துகொள்கிறார்கள்.

கியர்

பத்து கியரும் நன்றாக வேலை செய்தால் அவற்றை விட்டுவைப்பதில் தவறே இல்லை. பழைய நெம்புகோல்களில் ஒவ்வொரு கியருக்கும் தனிப் படியாக நிற்கும் ஏற்பாடு இல்லாததால், அவை எந்தப் பல்சக்கர அடுக்கோடும் ஒத்துப்போகும். ஆனால் கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துச் சாய்வுக் குழாயைத் தேடுவது நகர நெரிசலில் பாதுகாப்பானதன்று, ஆகையால் எளிமையை நாடுவோர் மிகுதி.

சமதரை ஊரில் ஒரே கியர் போதும். முன்னால் 42 பற்கள், பின்னால் 17 பற்கள் என்று கொள்வோம். பெடல் ஒருமுறை சுற்றினால் சக்கரம் 2.47 முறை சுற்றும். 32 மி.மீ. டயர் போட்ட 700சி சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.15 மீட்டர், எனவே ஒவ்வொரு பெடல் சுற்றுக்கும் வண்டி 5.3 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 19 கி.மீ., 80 சுற்று மிதித்தால் 25 கி.மீ. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தபிறகு பல்சக்கரம் வாங்குவது பணத்தை மிச்சப்படுத்தும். பழைய ஃபிரேம்களில் ஆக்சில் பிளவுகள் கிடைமட்டமாக நீண்டிருப்பதால், சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினின் தொய்வை எடுத்துவிடலாம். பிளவு செங்குத்தாக இருக்கும் பிற்கால ஃபிரேம்களில் இதற்குத் தனி இழுவைக் கருவி வேண்டும்.

மேடு உள்ள ஊரில் நான் நாடுவது ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனத்தின் ஏடபிள்யூ என்ற, சக்கரத்தின் நடு உருளைக்குள்ளேயே கியர்கள் அமைந்த மூன்று கியர் ஹப். 1936இல் நாட்டிங்காமில் அறிமுகமான இதன் பற்கள் முழுதும் ஹப்புக்குள் எண்ணெயில் மறைந்திருப்பதால் மழையும் புழுதியும் தொடுவதில்லை. நடுக் கியர் நேரடி. கீழ்க் கியர் அதில் 75 விழுக்காடு. மேல் கியர் 133 விழுக்காடு. முன் 42, பின் 18 என்றால் ஒரு சுற்றுக்கு முறையே 5 மீட்டர், 3.75 மீட்டர், 6.7 மீட்டர். ஹப்பின் அகலம் 120 மி.மீ. ஃபிரேமில் வாஷர் ஓரிரண்டு சேர்த்தால் உட்கார்ந்துவிடும், ஃபிரேமை விரிக்கவே தேவையில்லை. ஆக்சில் சுழலாமல் தடுக்கும் தனி வாஷர்களை விட்டுவிடாமல் போடுவதும், கேபிளின் இறுக்கத்தைக் கவனமாக வைப்பதும் கட்டாயம். பழைய ஏடபிள்யூ ஹப்பில் நடுக் கியருக்கும் மேல் கியருக்கும் இடையே எதையும் பற்றாத ஒரு நிலை உண்டு; கேபிள் தளர்ந்திருந்தால் எழுந்து நின்று மிதிக்கும்போது கால் திடீரென்று காற்றில் இறங்கும்.

மழை, சுமை, வெளிச்சம், அழகு

மட்கார்டையும் கேரியரையும் பூட்ட, ஆக்சில் பிளவுக்கு அருகே சிறிய மரைத்துளைகள் இருக்கின்றனவா என்று வாங்கும்போதே பார்த்திருப்பது நல்லது. நடுத்தர விலை வண்டிகளில் பெரும்பாலும் இருக்கும், போட்டி வண்டிகளில் இருக்காது. 32 மி.மீ. டயருக்கு 45 மி.மீ. அகல மட்கார்டு பொருந்தும். மட்கார்டு பூட்டிய பிறகு ஹேண்டில்பாரை முழுதும் திருப்பிப் பெடலைச் சுற்றிப் பாருங்கள். கால்விரல் மட்கார்டில் இடித்தால், மெதுவாகத் திரும்பும்போது கவனமாக இருக்க வேண்டும். விளக்குக்கு முன்சக்கர ஹப் டைனமோ சிறந்தது. 6 வோல்ட், 3 வாட் என்பது அதன் வழக்கமான அளவு. மின்கலத்துக்கு மின்னேற்றும் கவலை இல்லை.

அழகைப் பற்றிக் கடைசியாகச் சொல்வதற்குக் காரணம், மேலே சொன்னவை ஒழுங்காக முடிந்தால் பாதி அழகு தானாக வந்திருக்கும் என்பதுதான். ஃபிரேமுக்குப் புதுப் பெயின்ட் அடிக்காதீர்கள். தொழிற்சாலை அடித்த நிறமும், இணைப்புகளின் ஓரத்தில் ஓடும் பொன்கோடும், மங்கிய எழுத்துகளும் போனால் திரும்பி வராது. மென்மையான மெருகுக் களிம்பும் அதன்மேல் மெழுகும் போதும். குழாயின் உட்புறத்தில் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை ஊற்றிச் சுழற்றி வடித்துவிட்டால் துரு அண்டாது, இது பழங்காலத்திலிருந்தே வழங்கி வரும் முறை. சீட்டும் கைப்பிடியும் ஒரே தோல் நிறத்தில் இருக்கட்டும், டயரின் பக்கச் சுவர் மர நிறத்தில் இருந்தால் பழைய ஃபிரேமோடு இயல்பாகச் சேரும், உலோகப் பாகங்கள் எல்லாம் வெள்ளி நிறத்திலேயே இருக்கட்டும். ஃபிரேமின் நிறம் ஒன்றுதான் பேச வேண்டும். துளை போடுவதோ, பாகங்களைப் பூட்ட ஃபிரேமில் உள்ள சிறு காதுகளை அறுத்தெறிவதோ வேண்டாம்; கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் துடைத்து எண்ணெய் பூசி ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள், வருங்காலத்தில் யாராவது அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர விரும்பலாம்.

எல்லாம் பூட்டி முடித்த பிறகு முதல் வாரம் வீட்டைச் சுற்றியே ஓட்டுவது நல்லது. புதிய கோட்டர் பின் சிறிது தூரம் ஓடியதும் தன் இடத்தில் இன்னும் சற்று அமுங்கும், அதனால் அதன் நட்டை மீண்டும் இறுக்க வேண்டும். புதிதாகக் கோத்த சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பிகளும் அப்படியே தளரும். நூறு கிலோமீட்டர் போனதும் சைக்கிள் கடையில் கோட்டம் எடுத்துவிட்டு, பிரேக் கேபிள் நீண்டிருந்தால் அதையும் இழுத்துக் கட்டிக்கொண்டு, அடுத்த நாள் காலையில் வேலைக்கு ஓட்டிச் செல்லலாம்.